600 டிகிரி டப்பாவும் 90 டிகிரி எஞ்சினும்

டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் ‘600 டிகிரி’ என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினோம். கேட்டுக்கு அடிக்கிற எனாமலைவிட விலை பல மடங்கு. பெரியப்பா மகனுக்குப் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம். அவர் வீட்டு ஷெட்டில் வருடக்கணக்காகக் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய மஹிந்திரா ஜீப்பைப் போடிக்கு இறக்கி, ஒரு பட்டறையில் போட்டு, ஏழெட்டு மாதம் மெனக்கெட்டு உயிர்ப்பித்திருந்தோம். கடைசி வேலை எஞ்சினுக்கு பெயிண்ட். ‘சூடாகிற சாமான், நல்ல சூடு தாங்குற பெயிண்டா வாங்கு’ என்றார் அண்ணன். சந்தையில் இருந்ததிலேயே பெரிய எண் போட்ட டப்பாவை வாங்கி வந்தேன்.

ஜீப் முந்தல் தாண்டியது. 17 கொண்டை ஊசி வளைவுகளையும் முக்கி முனகி ஏறி, போடிமெட்டு டீக்கடை வாசலில் நின்றது. பானெட்டைத் திறந்தால், கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கசிந்து பிளாக்கின் மேல் கோடு இழுத்திருந்தது. சொட்டு மேனிஃபோல்டில் விழாதது குலதெய்வத்தின் கருணை. அண்ணன் பழைய துணி ஒன்றை எடுத்து அழுத்தித் துடைத்தார். பெட்ரோலோடு பெயிண்டும் துணிக்கு வந்துவிட்டது. உள்ளிருந்த இரும்பு பல்லை இளித்தது.

“டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்டா தம்பி” என்றார்.

கடைக்காரர்மேல் பழி போட முடியாது. டப்பா அசல்தான். அந்த பெயிண்ட் கேட்ட சூட்டை எங்கள் எஞ்சின் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

600 டிகிரி தாங்கும் பெயிண்டுகளின் பசை சிலிக்கோன் ரெசின். சாதாரண எனாமலின் முதுகெலும்பு கார்பன் சங்கிலி. சிலிக்கோனின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. கார்பன்–கார்பன் பிணைப்பை அறுக்க ஒரு மோலுக்கு 350 கிலோஜூல் அளவில் ஆற்றல் வேண்டும். சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புக்கு 450 அளவில் வேண்டும். எனாமல் கருகும் சூட்டில் சிலிக்கோன் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். இன்னும் சூடேறினால் சங்கிலியில் தொங்கும் கரிமத் தொகுதிகள் எரிந்துபோகும். மிஞ்சும் சிலிக்கா, பெயிண்டில் கலந்திருக்கும் அலுமினியச் செதில்களைப் பிடித்துக்கொண்டு இரும்பின் மேல் மண் ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் இந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி இறுக வேண்டுமானால் முதலில் ஒருமுறை நன்றாக வேக வேண்டும். இந்த வகை பெயிண்டுகள் பலவற்றுக்கு 200 டிகிரியை ஒட்டிய சூடு, அதுவும் அரை மணி, ஒரு மணி நேரம் தேவை. அதுவரை தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். பெட்ரோலோ தின்னரோ பட்டால் கரைந்துவிடும். தண்ணீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின் பிளாக்கின் வெளித்தோல் 80 முதல் 110 டிகிரிக்குள்ளேயே ஆயுளைக் கழித்துவிடும். உள்ளே தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் இருப்பதே அதற்காகத்தானே. ஆக, 600 டிகிரி பெயிண்ட் 90 டிகிரி பிளாக்கின் மேல் எத்தனை வருடம் ஓடினாலும் அரை வேக்காட்டிலேயே கிடக்கும். கல் காயாமல் ஊற்றிய தோசை.

எஞ்சின் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, சூட்டுக் கணக்கில் அது நாலைந்து தனித்தனி ஊர். ஆயில் சம்ப், பிளாக், ஹெட் எல்லாம் தண்ணீரும் ஆயிலும் சுற்றிவரும் பகுதிகள். நூறு டிகிரியை ஒட்டி நின்றுவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கதை வேறு. ஏற்றத்தில், ஃபர்ஸ்ட் கியரில், நாலு பேரையும் ஏலக்காய் மூட்டையையும் சுமந்து வளைவு திரும்பும்போது அது 500 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். இரவில் மெட்டு ஏறி நிறுத்திவிட்டு உடனே பானெட்டைத் திறந்தால் சில வண்டிகளில் மேனிஃபோல்டு மங்கலாகச் சிவந்து தெரியும். எந்தத் திடப்பொருளும் இருட்டில் கண்ணுக்குத் தெரியுமளவுக்குச் சிவக்க ஆரம்பிப்பது சுமார் 525 டிகிரியில். 1847இல் ஜான் வில்லியம் டிரேப்பர் இதை அளந்து சொன்னார். கண்ணே தெர்மாமீட்டர். அந்தச் சிவப்பு தெரியும் இடத்துக்குத்தான் 600 டிகிரி டப்பா.

எங்கள் ஜீப்பில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. மஹிந்திரா 1940களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர் இங்கே பரவலாக ஓடிய சி.ஜே. 3பி மாடலின் பானெட் மற்ற ஜீப்புகளைவிட உயரம், நெற்றி ஏறிய முகம். காரணம் உள்ளே இருக்கும் ‘ஹரிக்கேன்’ எஞ்சின். 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர். போர்க்கால வில்லிஸ் எஞ்சினில் உள்வால்வு, வெளிவால்வு இரண்டும் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தன. ஹரிக்கேனில் உள்வால்வை மட்டும் தூக்கி ஹெட்டில் வைத்தார்கள். எஞ்சின் உயர்ந்தது, கூடவே பானெட்டும் உயர்ந்தது. எக்ஸாஸ்ட் வால்வு பழையபடி பிளாக்கிலேயே தங்கிவிட்டது. விளைவு, எரிந்த புகை பிளாக்கைத் துளைத்துக்கொண்டுதான் வெளியேற வேண்டும். அந்த வாய்களைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு பிளாக் மற்ற இடங்களைவிட அதிகம் சுடும். எந்த பெயிண்ட் அடித்தாலும் முதலில் பழுப்பேறுவது அங்கேதான். பெயிண்டரைத் திட்டுவதற்கு முன் எஞ்சினின் படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நிறத்துக்கு வருவோம். அண்ணனுக்கு ஆரஞ்சு வேண்டும். ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார். அது ஷெவர்லே வி-8 எஞ்சின்களின் நிறம். ஃபோர்டு 1966 முதல் தன் எஞ்சின்களுக்கெல்லாம் ஒரே நீலம் அடித்தது. பிரிட்டனின் எம்.ஜி.ஏ. காருக்கு மெரூன். மூடியைத் திறந்த மாத்திரத்தில் யார் பிள்ளை என்று சொல்லிவிடலாம். வில்லிஸ் ஜீப்பில் ஷெவர்லே ஆரஞ்சு அடிப்பது வேட்டிக்கு மேல் டை கட்டுவது மாதிரி. அழகாக இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விவரம் தெரிந்தவர் பார்த்தால் சிரிப்பார்.

“கறுப்பு அடிச்சா சூட்டை இழுக்கும், வெள்ளையோ சில்வரோ அடிங்க” என்று பட்டறைக்கு வந்த ஒருவர் யோசனை சொன்னார். “கறுப்புதான் சூட்டை வெளிய தள்ளும்” என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை. 1804இல் ஜான் லெஸ்லி என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஓர் உலோகக் கனசதுரத்தில் வெந்நீர் ஊற்றி, அதன் பக்கங்களில் ஒன்றைப் பளபளவென்று தேய்த்தும் மற்றதில் கறுப்புப் பூசியும், எது எவ்வளவு வெப்பம் வீசுகிறது என்று அளந்தார். பளபளப்பான உலோகம் மிகக் குறைவாக வீசியது. இந்தச் சூட்டில் வெப்பம் வெளியேறுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக. அந்தக் கதிருக்கு வெள்ளை எனாமலும் கறுப்பு எனாமலும் ஒன்றுதான். இரண்டும் 90 சதவீத அளவுக்குத் தாராளமாக வீசும். சில்வர் பெயிண்ட் மட்டும் விதிவிலக்கு. அதிலிருப்பது உலோகச் செதில் என்பதால் ஏறக்குறைய பாதிதான் வீசும்.

இதனால் எஞ்சின் குளிர்ந்துவிடுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 95 டிகிரியில் இருக்கும் இரும்பு, 27 டிகிரி சுற்றுப்புறத்துக்கு ஒரு சதுர மீட்டரிலிருந்து வீசுவது 500 வாட்டைச் சற்றே தாண்டும். ஜீப் பிளாக்கின் வெளிப்பரப்பு ஒரு சதுர மீட்டர்கூட வராது. அதே எஞ்சின் முழு மூச்சில் ஏறும்போது ரேடியேட்டர் வெளியே தள்ளுவது பல்லாயிரம் வாட். அண்டாவில் கொட்டுகிற இடத்தில் சங்கில் அளந்த கதை. பிளாக்கின் நிறத்தைக் கண்ணுக்காகத் தேர்ந்தெடுக்கலாம், சூட்டுக்காக வேண்டாம். பெயிண்ட் கெட்டியாக இருந்தால் சூட்டை அடைத்துவிடும் என்ற பயமும் வேண்டாம்; ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள படலம் ஒரு டிகிரிகூடத் தடுக்காது. பயப்பட வேண்டியது பிளாக்கில் வருடக்கணக்காகப் படிந்த ஆயிலும் செம்மண்ணும் கலந்த அப்பத்துக்கு. ரேடியேட்டர் மட்டும் வேறு. அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே பெயிண்ட் அடைத்துக்கொண்டால் காற்று போகாது.

எங்கள் எஞ்சினின் பழைய நிறத்தைத் தேடியதுதான் இந்த வேலையிலேயே சுவாரசியமான பகுதி. வாட்டர் பம்பைக் கழற்றிய இடத்தில், கேஸ்கட்டின் ஓரத்தில், பிளேடால் சாய்வாகச் சீவி லென்ஸ் வைத்துப் பார்த்தோம். வெங்காயத் தோல். மேலே நாங்கள் அடித்த அரை வேக்காடு. அதற்குக் கீழே சில்வர், பிறகு கறுப்பு, பிறகு ரெட் ஆக்சைடு, அடியில் பாசிப் பச்சையில் ஒரு மெல்லிய தோல். ஒவ்வொரு தோலும் ஒரு தடவை எஞ்சின் இறக்கிய கணக்கு. ரிங் மாற்றியிருப்பார்கள், போர் போட்டிருப்பார்கள், கையோடு கிடைத்த பெயிண்டை அடித்திருப்பார்கள். கல்வெட்டு படிப்பவர்களுக்கு இருக்கும் மயக்கம் எனக்கும் வந்தது. போர்க்கால ஜீப்புகளைப் புதுப்பிப்பவர்கள் இந்த விஷயத்தில் நீதிபதிகள். வில்லிஸ் ஆலையில் கட்டியதன் எஞ்சினுக்கு ஆலிவ் பச்சை, ஃபோர்டு கட்டியதற்குச் சாம்பல் என்று இம்மி பிசகாமல் பார்ப்பார்கள். அண்ணனைப் பச்சைக்கு இழுத்து வர எனக்கு இரண்டு டீ செலவானது.

சீவும்போது ஒன்றில் மட்டும் விளையாடக் கூடாது. பழைய பெயிண்டுகளில் ஈயம் இருக்கும். வீட்டு பெயிண்டுகளில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உப்புத்தாளை உலரத் தேய்த்துப் புழுதியைக் கிளப்பாமல், தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். அந்த அழுக்கைக் கோழி மேயும் இடத்தில் கொட்டவும் கூடாது.

இன்னொன்று, எஞ்சின் நம்பர். பிளாக்கின் முன்பக்கம் சிறு திட்டில் அச்சடித்திருக்கும். மணல் அடித்துச் சுத்தம் செய்கிறவர் உற்சாகத்தில் அதையும் தேய்த்துவிட்டால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பென்சிலால் உரசிப் பிரதி எடுக்க ஒன்றும் மிஞ்சாது. 2021இல் வந்த மத்திய விதிப்படி, 50 வயது தாண்டிய இரண்டு, நாலு சக்கர வண்டிகளை வின்டேஜ் வகையில் பதியலாம், நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் கூடாது என்பது நிபந்தனை. நம்பர் திட்டின் மேல் முதலில் டேப்பை ஒட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. அதில் பெயிண்டும் ஒரு கோட்டுக்கு மேல் ஏறக் கூடாது.

அப்படியானால் பிளாக்குக்கு எது? பழைய ஆட்கள் ‘டூக்கோ’ என்பார்கள். 1920களில் வந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் வியாபாரப் பெயர் அது. வாரக்கணக்கில் காய வேண்டியிருந்த கார் பெயிண்டை மணிக்கணக்குக்குக் கொண்டுவந்த அதிசயம். ஆனால் தின்னரில் கரைந்து, ஆவியாகிக் காய்கிற சரக்கு மறுபடியும் தின்னர் பட்டால் கரையத்தான் செய்யும். சூட்டில் மஞ்சளித்து வெடிக்கவும் செய்யும். எஞ்சினுக்கு ஆகாது. ஒற்றை டப்பா எனாமல் ஓடும், ஆனால் பெட்ரோல் நின்றால் மெத்தென்றாகிவிடும். என் வாக்கு, எபாக்ஸி பிரைமரின் மேல் ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டுக்கு. அது ஆவியாகிக் காய்வதோடு நிற்காமல், இரண்டு திரவங்களும் வினைபுரிந்து வலைபோலப் பின்னிக்கொள்கிறது. வலையான பிறகு பெட்ரோலால் அவிழ்க்க முடியாது. அதற்கு வேகச் சூடும் வேண்டாம், வெயில் போதும். 120 டிகிரிவரை தாங்கும் என்பது பிளாக்குக்குத் தாராளம். அரை மீட்டர் நீள வார்ப்பிரும்பு 20 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குப் போனால் 0.4 மில்லிமீட்டர் நீளும். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் அந்த நெளிவுக்கு ஈடுகொடுக்கும் வளைவும் அதற்கு உண்டு. கெடுதல் ஒன்று, ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் பனி மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற வழக்கத்தைப் பட்டறைக்குப் பட்டறை பார்க்கிறேன். கைக்குட்டை புழுதிக்கு மட்டும்தான். ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி போட்ட முகமூடி வேண்டும்.

பெயிண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். இப்போது இடம். “திரும்பப் போடிக்கு எதுக்கு இறக்கணும், இங்கேயே தோட்டத்து ஷெட்டில் வச்சு அடிச்சிரலாம்” என்றார் அண்ணன். ஒரு சாயங்காலம் பழைய பெயிண்டை முழுக்க வழித்து, வயர் பிரஷ் போட்டு, இரும்பை வெள்ளி மாதிரி ஆக்கி வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் பார்த்தால் பிளாக் முழுக்க மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி மெல்லிய துரு. இரவில் இறங்கிய மூடுபனி செய்த வேலை. தோல் உரித்த இரும்பு அவ்வளவு பசியோடு இருக்கும்.

எஞ்சின் பிளாக் கனத்த இரும்பு. இரவுக் குளிரை வாங்கி வைத்துக்கொண்டு பத்து மணிவரை விடாது. காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 18 டிகிரிக்குச் சற்று மேலேயே பனியாக உதிரத் தொடங்கிவிடும்; அதுதான் பனிநிலை. 16 டிகிரியில் கிடக்கும் பிளாக்கின் மேல் அது பட்டால், ஜிகர்தண்டா தம்ளரின் வெளிப்புறம்போல இரும்பு வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தின் மேல் அடிக்கிற பெயிண்ட் இரும்பைத் தொடாமல் தண்ணீரைத்தான் தொடும். பி.யூ. என்றால் இன்னும் மோசம். ஹார்டனர் ஈரத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை விடும். காய்ந்த பிறகு ஊசி குத்திய மாதிரி ஓட்டைகள். லாக்கர் அடித்தால் மேகம் போலப் பூத்து வெளுத்துவிடும். இரும்பின் சூடு பனிநிலையைவிட மூன்று டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலில் பழைய கணக்கு. போடிமெட்டு உயரத்தில், மூடுபனி இறங்கும் நாட்களில் அந்த மூன்று டிகிரி கிடைப்பதே கஷ்டம்.

எஞ்சினை மறுபடி போடிக்கு இறக்கினோம். ஆடிக் காற்றில் கீழேயும் அடிக்க முடியாது. கணவாய் வழியே வரும் காற்று ஊர்ப் புழுதியை எல்லாம் ஈர பெயிண்டில் ஒட்டிவிடும். மாசிவரை பொறுத்திருந்தோம். பெயிண்டர் எங்களைவிட வயதில் மூத்தவர். டீசலில் கழுவி வைத்திருந்த பிளாக்கைப் பார்த்ததும், “டீசல்ல கழுவினா டீசல் நிக்கும்ல தம்பி” என்று சோப்புத்தூளும் வெந்நீருமாக இரண்டு தடவை தேய்க்கச் சொன்னார். காஸ்டிக் சோடா போடலாமா என்று நான் கேட்டபோது, “அலுமினியச் சாமான் எதிலயும் படக் கூடாது, தின்னுரும்” என்றார். அது உண்மை; காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜனை விடும். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை பிளாக்கின் மேல் ஊற்றிப் பார்த்தார். முதல் தடவை சேம்பிலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டது. “எண்ணெய் இருக்கு.” மறுபடி தேய்த்தோம். மூன்றாவது தடவை தண்ணீர் உருளாமல் போர்வை போல விரிந்தது. உலகத்துப் பெயிண்ட் ஆய்வகங்களில் செய்யும் சோதனை இதேதான்.

அதோடும் விடவில்லை. பிளாக்கை உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் போட்டார். சூடேற ஏற அங்கங்கே எண்ணெய்ப் பொட்டு தெரிந்தது. வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில் செதிலாக ஓடுகிறது. அந்தச் சந்துகளில் முப்பது நாற்பது வருட ஆயில் ஒளிந்திருக்கும், சூடு கண்டால்தான் வெளியே வரும். துடைத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டிலேயே எபாக்ஸி பிரைமர், மறுநாள் பச்சை, இரண்டு மெல்லிய கோட். மேனிஃபோல்டுக்கு என்ன என்று கேட்டேன். 600 டிகிரி டப்பாவில் மிச்சம் இருந்ததை வாங்கி, பிரைமர் எதுவும் இல்லாமல், வெறும் இரும்பின் மேல் சன்னமாக அடித்தார். ஓட்டும்போது அது தன்னால் வெந்துகொள்ளும். பழைய கார்க்காரர்கள் சிலர் பெயிண்டே வேண்டாம் என்று கிராஃபைட்டைத் தேய்த்து விடுவார்கள். கறுப்பு மினுமினுப்போடு அதுவும் அழகுதான்.

பத்து நாள் கழித்து மெட்டு ஏறினோம். ஆறாவது வளைவில் மேனிஃபோல்டிலிருந்து வாடை வந்தது, லேசாகப் புகையும். எட்டாவதில் இரண்டும் நின்றுவிட்டன. வெந்துவிட்டது என்று அர்த்தம். போடிமெட்டில் அதே டீக்கடை. அண்ணன் இறங்கியதும் பானெட்டைத் திறந்து, ஒரு துணியைப் பெட்ரோலில் நனைத்து, பிளாக்கை வேண்டுமென்றே அழுத்தித் தேய்த்தார். துணியில் வந்தது கொஞ்சம் ரோட்டுப் புழுதி மட்டும். முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் சுருங்கவும் செய்தது.

“இங்க பாருடா, புகை போற வாயைச் சுத்தி அதுக்குள்ள டீ கலர் அடிச்சிருச்சு.”

“அது அப்படித்தான் வரும்ணே” என்றேன். டீயை வாங்கிக்கொண்டு வந்தோம்.